சேவ் ஆகிட்டிருக்கு, பஸ்ஸு போயிருச்சு

மென்பொருள் எழுதுற தொழில்ல பாதி வேலை கரண்டு போனா என்ன ஆகும்னு பயப்படுறது; மீதி வேலை, அந்தப் பயத்துக்கு எம்புட்டு நேரம் செலவாகுதுன்னு கடிகாரத்த வச்சுப் பாக்குறது.

இந்தத் தொழில்ல ஏற்கெனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒண்ணும் இல்ல. மாட்டாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை. ஒரு வேலை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்குப் போகும்போது, "இது முடிஞ்சுச்சு, அடுத்து நீ பாரு"ன்னு தானாத் தள்ளி விடுற மென்பொருள்னு ஒண்ணு உண்டு. நான் எழுதுறது அதுதான். எழுதுறது பாளையம்பட்டியில ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில உக்காந்து. எழுதிக் குடுத்தது திருச்சுழி ரோட்டுல இருக்கிற ஒரு சாயப்பட்டறைக்கு. அங்க வெள்ளை நூல் வரும். எடை போடுவாக, சிட்டம் சிட்டமா, அதாவது சின்னச் சின்னக் கட்டாப் பிரிச்சு அடையாளச் சீட்டுக் கட்டுவாக, சாயத் தொட்டியில எறக்குவாக, அலசிக் காயப்போட்டு, நெறம் சரியான்னு பாத்து, சிப்பம் கட்டி நெசவுக்காரங்களுக்கு அனுப்புவாக. ஒவ்வொரு தடவை வர்ற நூலுக்கும் ஒரு லாட்டுன்னு பேரு. எந்த லாட்டு எந்தக் கையில இருக்குன்னு என் மென்பொருளுக்குத் தெரியணும். கரண்டு போயிட்டு வந்தாலும் மறக்கக் கூடாது. அதுக்காக அது அப்பப்ப எழுதி வச்சுக்கும். அந்த எழுதி வைக்கிறதுக்குத்தான் சேவுன்னு பேரு. ஒரு வருஷமா என் சோத்தையும் தூக்கத்தையும் தின்னது அந்த ஒரு வார்த்தை.

இன்னொண்ணையும் சொல்லிருறேன். எனக்குச் சும்மா உக்கார வராது. பேங்குல டோக்கன் குடுத்து உக்காரச் சொன்னா காலு தானா ஆடும், பக்கத்துல இருக்கிறவுக பெஞ்சும் சேந்து ஆடும். அப்பேர்ப்பட்டவ, ஊரையே காக்க வைக்கிற ஒண்ண எழுதி வச்சேன் பாருங்க, அந்தக் கதைதான் இது.

காக்கா கழுத்து

முதல்ல நான் ரொம்பக் கம்மியாத்தான் சேவ் பண்ண வச்சிருந்தேன். சாயம் போடுற கட்டம் மொத்தமா முடிஞ்சப்புறம் ஒரு தடவை எழுதுனாப் போதும்னு நெனப்பு. சென்னையில நாலு வருஷம் குளுகுளு அறையில உக்காந்து வேலை பாத்த திமிரு அது. அங்க நான் இருந்த வரைக்கும் கரண்டு போயி நான் பாத்ததே இல்ல.

சித்திரையில ஒரு மத்தியானம், மயில் கழுத்து நெறத்துக்கு ஒரு லாட்டு தொட்டியில கெடக்கு. சாயத்த அளந்து ஊத்துறதுக்கு ஒரு மிஷினு உண்டு, எவ்வளவு ஊத்தணும்னு அதுக்குச் சொல்றது என் மென்பொருள். ஊத்தி முடிச்ச நிமிஷம் கரண்டு போச்சு. ஜெனரேட்டரு போட்டாக. மென்பொருள் முழிச்சுப் பாத்துச்சு. ஊத்துனதா எங்கயும் எழுதி வைக்கல. சரி, இன்னும் ஊத்தல போலன்னு மறுபடியும் முழு அளவையும் ஊத்திருச்சு. சாய மாஸ்டரு செல்வம் அண்ணன் அந்நேரம் சாப்பிடப் போயிருந்தாரு. வாயத் தொடச்சுக்கிட்டு வந்து தொட்டிக்குள்ள பாத்தா, நூலு கருப்பாக் கெடக்கு.

ரெண்டு நாள் கழிச்சு அந்த நூலுக்குச் சொந்தக்காரரு, அருப்புக்கோட்டை நெசவுக்காரரு ஒருத்தரு, ஒரு சிட்டத்தக் கையில புடிச்சுக்கிட்டு நேரா என்கிட்டயே வந்துட்டாரு. "நான் மயில் கழுத்து கேட்டேன் தாயி, நீ காக்கா கழுத்து குடுத்துருக்க"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவரு போனப்புறம் பட்டறை முதலாளி என்னையக் கூப்பிட்டாரு. அவர எல்லாரும் முதலாளிம்பாக, நான் மட்டும் அண்ணாச்சிம்பேன். அண்ணாச்சி கத்தல. மூக்குக் கண்ணாடியக் கழத்தித் தொடச்சுக்கிட்டே சொன்னது இம்புட்டுத்தான்: "இனிமே எல்லாத்தையும் எழுதி வையிம்மா. எவனாச்சும் கொட்டாவி விட்டாக்கூட எழுதி வையி."

சுத்துற வட்டம்

எழுதி வச்சேன். அவமானத்துல செய்யிற வேலை எப்பவும் அளவுக்கு மீறித்தான் இருக்கும். எடைத்தட்டுல நூல வச்சா சேவ், எடுத்தா சேவ், சீட்டுல பேரு போட்டா சேவ், நெறத்தப் போட்டோ எடுத்தா சேவ். கரண்டு எத்தன தடவை போனாலும் ஒரு நூலிழை மறக்காது. அண்ணாச்சிக்குச் சந்தோசம். நானும் நல்ல புள்ளைன்னு பேரு வாங்கிட்டு, பட்டறைப் பக்கம் ரெண்டு மாசம் எட்டிப் பாக்கல.

ஒரு நாள் சந்தையில காய் வாங்கிக்கிட்டு இருக்கேன், பின்னாடி இருந்து என் கையப் புடிச்சு ஒரு இழுப்பு. பாத்தா பாண்டியம்மாக்கா. பட்டறையில எடை போட்டுச் சீட்டுக் கட்டுற பொம்பளையாளுகளுக்கு அவுகதான் தலைவி மாதிரி. அவுகளுக்கு நரிக்குடிக்கு முன்னாடி ஒரு ஊரு. "உன்னையத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நாளைக்கு அஞ்சு மணிக்குப் பட்டறைக்கு வா. வந்து கண்ணால பாரு"ன்னாக.

போனேன். பகல் ஷிப்ட்டு அஞ்சு மணிக்கு முடியும். ஆனா முடிஞ்சதும் கெளம்ப முடியாது. எந்த லாட்டு எந்த நெலமையில இருக்குன்னு ஒவ்வொண்ணா டேப்புல, அதான் கையில புடிக்கிற அந்தத் தொடுதிரையில, தட்டி, சாயங்கால ஷிப்ட்டு ஆளுககிட்ட ஒப்படைக்கணும். ஒப்படைப்பு முடிஞ்சாத்தான் கேட்டுல இருக்கிற திரையில அவுக பேரு பச்சையாகும், பச்சையானாத்தான் வெளிய விடுவாக. அதுவும் நான் எழுதுனதுதான். நரிக்குடி பஸ்ஸு அஞ்சு நாப்பதுக்குப் பட்டறை வாசலத் தாண்டிப் போகும். அத விட்டா ஏழேகாலுக்குத்தான். பதினோரு பேரு அந்த பஸ்ஸ நம்பி வாராக. ஏழேகால் பஸ்ஸுல போயி எறங்குனா, அதுக்கப்புறம் கருவேலங்காட்டுக்குள்ள ரெண்டு மைலு நடக்கணும். வீட்டுல புள்ளைக, ஆடு, அடுப்பு எல்லாம் காத்துக் கெடக்கும்.

பாண்டியம்மாக்கா டேப்பத் தட்டுனாக. வட்டம் ஒண்ணு சுத்துச்சு. சுத்திச்சு, சுத்திச்சு, பச்சையா ஒரு டிக் விழுந்துச்சு. அடுத்தத் தட்டுனாக. மறுபடி வட்டம். எனக்குக் காலு ஆட ஆரம்பிச்சிருச்சு. எந்திரிச்சேன், உக்காந்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன். இன்னும் ரெண்டு லாட்டு பாக்கி, வெளிய ஹாரன் சத்தம். பதினோரு பேரும் தலையத் தூக்கிப் பாத்தாக, மறுபடி டேப்பப் பாத்தாக. யாரும் என்னையத் திட்டல. எங்கம்மாவும் காட்டு வேலைக்குப் போயிட்டு பஸ்ஸ விட்டுட்டு நடந்து வந்தவதான், அந்த முகம் எனக்குத் தெரியும். "அடுத்த மாசமும் இப்படின்னா நாங்க பதினோரு பேரும் வேலைய விட்டு நின்னுக்கிருவோம், மொதலாளிகிட்டச் சொல்லியாச்சு"ன்னாக பாண்டியம்மாக்கா. அப்புறம் டேப்ப என் பக்கம் திருப்பிக் காட்டி: "இந்த வட்டம் சுத்துன சுத்துக்கு இது சக்கரமா இருந்துருந்தா, நாங்க இந்நேரம் நரிக்குடிக்கே போயிருப்போம் தாயி."

காய்ச்சல் பாக்க வந்தவ

சரி, நேரம் எங்க போகுதுன்னு முதல்ல அளப்போம்னு முடிவு பண்ணேன். தொழில் தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க, நானும் செஞ்சேன். மென்பொருளுக்குள்ளயே ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி ஒரு கடிகாரம், பின்னாடி ஒரு கடிகாரம். என்ன நேரம் ஆச்சுன்னு அது குறிச்சுக்கிட்டே வரும், சாயங்காலம் நான் எடுத்துப் பாப்பேன். பெருமையா இருந்துச்சு.

அன்னிக்குப் பாத்து ஒப்படைப்பு முடிய ஆறேகால் ஆகிருச்சு. வழக்கத்த விட அரை மணி நேரம் கூட. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. மாடிக்குப் போயி ஒவ்வொரு வரியாப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு. எல்லாத்தையும் எழுதி வையின்னு அண்ணாச்சி சொன்னாருல்ல, நான் அப்படியே சட்டம் போட்டு வச்சிருந்தேன். கடிகாரம் காட்டுன நேரமும் அந்த எல்லாத்துக்குள்ள வந்துருச்சு. ஒரு சேவ் எம்புட்டு நேரம் எடுக்குதுன்னு குறிக்க ரெண்டு சேவ், அந்த ரெண்டு எம்புட்டு நேரம்னு குறிக்க இன்னும் ரெண்டுன்னு அது பாட்டுக்குப் போயிருக்கு. மாடியில வேற யாரும் இல்ல, நானே என் தலையில நங்குன்னு ஒண்ணு போட்டுக்கிட்டேன்.

மறுநாள் கடிகாரத்த எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, செல்போன்ல நேரம் பாத்துக்கிட்டு, ஒரு ரூல்டு நோட்டோட நூல் சிப்பத்து மேல உக்காந்தேன். அப்பத்தான் உருப்படியா ஒண்ணு தெரிஞ்சுச்சு. தட்டுறதுக்கும் யோசிக்கிறதுக்கும் ஆகுற நேரம் கொஞ்சம்தான். மீதி அத்தனையும் சேவுக்குத்தான் போகுது. அதுலயும் காலையில பொறந்த லாட்டுக்கு வட்டம் சீக்கிரம் நிக்குது, நாலு நாள் பழைய லாட்டுக்கு நிக்கவே மாட்டேங்குது. ஏன்னா புதுசா ஒரு வரி எழுதணும்னா, அந்த லாட்டோட பழைய கதை பூராவையும், எடுத்த போட்டோ அத்தனையோடயும், முதல்ல இருந்து திரும்ப எழுதுது. டைரியில இன்னிக்கு நடந்தத எழுத, ஜனவரியில இருந்து மறுபடி எழுதுற கூத்து. அப்படி எழுதச் சொன்ன மகராசி நான்தான்.

நான் நோட்டும் கையுமா உக்காந்திருக்கிறதப் பாத்துட்டு செல்வம் அண்ணன் முந்தின நாள் கணக்குக்குச் சேத்து ஒண்ணு வச்சாரு: "காய்ச்சல் எம்புட்டு இருக்குன்னு பாக்க வந்தவ, இருக்கிறதுக்கு மேல ரெண்டு டிகிரி ஏத்தி விட்டுட்டுப் போயிட்டியேத்தா!"

தலையாட்டுற டிக்

பழைய கதையத் திரும்ப எழுதாத, புதுசா நடந்தத மட்டும் எழுதுன்னு மாத்துனேன். போட்டோவ ஒரே ஒரு தடவை ஓரமா வச்சுட்டு, அது எங்க இருக்குன்னு மட்டும் குறிச்சுக்கோன்னு மாத்துனேன். அப்புறம், ஒண்ணொண்ணா எழுதாம நாலஞ்சு தட்டுக்கு ஒரு தடவை சேத்து எழுதுன்னு மாத்துனேன். மாடியில வச்சுப் பாத்தா பறக்குது. ஸ்கூட்டர முறுக்கிக்கிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

அஞ்சு மணி. பாண்டியம்மாக்கா முதல் லாட்டத் தட்டுனாக. அப்படியே உக்காந்திருக்காக. "தட்டுங்கக்கா, அடுத்தத் தட்டுங்க"ங்கிறேன். அசையல. பக்கத்துல இருக்கிறவுகளும் அசையல. பதினோரு பேரும் டேப்ப உத்துப் பாத்துக்கிட்டு இருக்காக. எனக்கு உள்ள கொதிக்குது. அப்புறம்தான் பொறி தட்டுச்சு: சேவ் ஆனாத்தான டிக் விழும்? இப்ப நாலு தட்டுக்கு ஒரு தடவைதான் சேவ். காக்கா கழுத்து ஆன நாள்ல இருந்து, டிக் விழாம யாரும் அடுத்த வேலைக்குக் கைய நகத்துறது இல்லன்னு அவுகளுக்குள்ள ஒரு கட்டு இருந்துருக்கு. அவுக டிக்குக்காகக் காத்திருக்காக, மென்பொருள் நாலாவது தட்டுக்காகக் காத்திருக்கு. ரெண்டுமே சரிதான், பஸ்ஸு மட்டும் போயிருச்சு.

ஆத்திரத்துல அன்னிக்கே ஒரு திருட்டு வேலை பாத்தேன். சொல்லவே வெக்கமா இருக்கு, இருந்தாலும் நம்மளுக்குள்ள என்ன. சேவ் ஆனாலும் ஆகாட்டியும், தட்டுன ஒடனே டிக் விழுற மாதிரி வச்சுட்டேன். மறுநாள் டிக் சடசடன்னு விழுகுது. எல்லாரும் சிரிக்கிறாக. பாண்டியம்மாக்கா மட்டும் சிரிக்கல. ரெண்டு லாட்டு தட்டிப் பாத்தாக, மூணாவதுல கைய எடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்தாக. நான் வாசலப் பாத்தேன். அவுக கேட்ட கேள்விக்கு என்னால பொய் சொல்ல முடியல, அங்கயே உக்காந்து அந்தப் பொய் டிக்க எடுத்துட்டேன்: "ஏத்தா, நெசமா எழுதிட்டுத்தான் டிக் போடுதா, இல்ல நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சும்மா தலையாட்டுதா?"

ஊத்துனது ஊத்துனதுதான்

அதுக்கு மேல மாடியில உக்காந்து ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு. மாசம் முடிய பன்னெண்டு நாள்தான் இருந்துச்சு. பட்டறையிலயே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி: இந்த வேலை பாதியில இருக்கும்போது கரண்டு போயி, சிஸ்டம் மறந்துட்டா என்ன செய்வீக?

எடைத்தட்டுல கேட்டேன். மறுபடி எடை போடுவோம்னாக. போட்டோ எடுக்கிற புள்ளைகிட்டக் கேட்டேன். நூலு எங்க ஓடியா போகும், மறுபடி எடுப்பேன்னுச்சு. காயப்போடுற எடத்துல கேட்டேன். கொடியில தொங்குறது கண்ணுக்குத் தெரியாதா, இதையா போயி சிஸ்டத்துல தேடுவாகன்னு சிரிச்சாக. இப்படி நான் உயிரக் குடுத்து சேவ் பண்ணி வச்சிருந்ததுல முக்காவாசி, மறந்தாலும் ஒண்ணும் குடி முழுகாத வேலை. கடைசியா செல்வம் அண்ணன்கிட்ட வந்தேன். அவரு தொட்டிக்குள்ள கம்ப விட்டு நூலத் திருப்பிக்கிட்டே தலையக்கூடத் தூக்கல.

அன்னிக்கு ராவோட ராவா மாத்துனேன். சேவ் மொத்தமே நாலு எடம்தான். எடை போட்டுச் சீட்டுக் கட்டி முடிச்ச எடம் ஒண்ணு. சாயம் ஊத்தப் போறேன்னு ஒண்ணு, ஊத்திட்டேன்னு ஒண்ணு. நெறம் சரின்னு மாஸ்டரு ஒத்துக்கிட்ட எடம் ஒண்ணு. ஊத்தப் போறேன்னு எழுதியிருந்து ஊத்திட்டேன்னு எழுதாம இருந்தா, மிஷினு தானா ஒண்ணும் செய்யக் கூடாது, மனுசனக் கூப்பிட்டுக் கேக்கணும். மத்த தட்டுக்கெல்லாம் டிக்கே கெடையாது. நாலு எடத்துல விழுற டிக்கு மட்டும் சத்தியமா எழுதுனப்புறம்தான் விழும். இத பாண்டியம்மாக்கா செட்டுக்கு வெளக்கிச் சொன்னேன், தலையாட்டுனாக. ஒரு வருஷமா நான் புரிஞ்சுக்காத என் தொழில, செல்வம் அண்ணன் தொட்டியில நூலத் திருப்பிக்கிட்டே இம்புட்டுல முடிச்சுட்டாரு: "ஊத்துனது ஊத்துனதுதான், அத மட்டும் எழுதி வையி. மத்ததெல்லாம் ரெண்டாந்தரம் செஞ்சா கை வலிக்கும், அம்புட்டுத்தான்."

பிளக்கப் புடுங்குறது

நெசமாவே கரண்டு போனாத் தாங்குமான்னு பாக்கணுமே. கழிவு நூல் கொஞ்சம், சாயத்துக்குப் பதிலா வெறும் தண்ணி, இத வச்சுக்கிட்டு ஊத்துற நடுவுல நானே பிளக்கப் புடுங்கப் போறேன்னு அண்ணாச்சிகிட்ட அனுமதி கேட்டேன். அவரு முகம் வெளிறிப் போச்சு. காக்கா கழுத்த இன்னும் மறக்கல மனுசன். "நல்லா ஓடுற மிஷின எதுக்கும்மா நீயாக் கெடுக்குற"ன்னு கைய நீட்டி மறிக்கிறாரு. நான் கெஞ்சுறேன், அவரு மாட்டேங்கிறாரு, பிளக்குக்கு முன்னாடியே நின்னுக்கிட்டாரு.

நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்போதே கரண்டு தானாப் போச்சு. நான் முன்னாடியே ஓட விட்டிருந்த மிஷினு அதுக்குள்ள தண்ணியப் பாதி ஊத்தியிருந்துச்சு. ஜெனரேட்டரு வந்துச்சு, சிஸ்டம் முழிச்சுச்சு. திரையில ஒரே ஒரு வரி வந்துச்சு: ஊத்தியாச்சா இல்லையான்னு தெரியல, மாஸ்டர் வந்து பாக்கவும். மிஷினு சொட்டுத் தண்ணி ஊத்தல. நான் அங்கயே குதிச்சேன். அண்ணாச்சி பிளக்க விட்டு நகந்து வந்து, சட்டையச் சரி பண்ணிக்கிட்டு: "கரண்ட நிறுத்துறதுக்குத்தான் நமக்குத் தனியா ஆளு இருக்காகல்ல, நீ எதுக்கும்மா மெனக்கெடுற?"

அரை மணி நேரம்

ஒப்படைப்பு பத்து நிமிசத்துக்குள்ள முடிஞ்சுச்சு. நெசமாத்தான். முதல் நாள் அஞ்சரைக்குப் பதினோரு பேரும் வெளிய பஸ்ஸுக்கு நிக்கிறாக. நான் எதுத்த பக்கம் ஸ்கூட்டர்ல உக்காந்து, அவுக ஏறுறதக் கிறுக்கி மாதிரிப் பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு கலங்கிருச்சு. ஒரு வாரம் அப்படி ஓடுச்சு. யாரும் வேலைய விட்டு நிக்கல.

எட்டாவது நாளு அண்ணாச்சி கூப்பிட்டாரு. "அஞ்சேகாலுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போகுது. பஸ்ஸு வர்ற வரைக்கும் சும்மாதான நிக்கிறாக? ஒப்படைப்பக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டு, அஞ்சரைக்குள்ள இன்னொரு லாட்டு எடை போட்டு, சீட்டுக் கட்டி, தொட்டியில எறக்கிரலாம்ல?" எனக்கு மண்டைக்குள்ள சுர்ருன்னு ஏறுச்சு. "அது அவுக நேரம் அண்ணாச்சி"ன்னேன். "மிச்சமானது என் மிஷின்லதானம்மா"ன்னாரு, ரொம்ப அமைதியா. அன்னிக்கே கூடுதல் லாட்டும் வந்துருச்சு. சிட்டத்தக் கம்புல கோத்துத் தொட்டிக்காரங்க கையில குடுக்கிற வரைக்கும் பொம்பளையாளுக வேலை, ஒரு லாட்டுக்கு அரை மணிக்கு மேல ஆகும். அன்னிக்கு ஈரக்கையோட ஓடுனாக. எட்டுப் பேரு ஏறுனாக, மூணு பேரு பஸ்ஸ விட்டுட்டாக. மறுநாள் அஞ்சு பேரு விட்டாக.

அன்னிக்கு ராத்திரி மாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன். பேசாம மறுபடியும் சேவ மெதுவாக்கி விட்டுருவோமான்னு தோணுச்சு, கை கீபோர்டு வரைக்கும் போயிருச்சு. மெதுவாக்குனாலும் பஸ்ஸு போயிரும், வேகமாக்குனாலும் போயிரும். இதுக்கா நூல் சிப்பத்து மேல உக்காந்து நோட்டுல எழுதுனேன்னு அழுகையா வந்துச்சு. மூணாவது நாளு, அண்ணாச்சி காலுல விழுந்தாவது கேப்போம்னு பட்டறைக்குப் போனேன். அவரு மதுரையில இருந்து வந்த ஒரு ஜவுளிக்காரரு கூட நின்னு, என் டேப்பக் காட்டிப் பெருமை பேசிக்கிட்டு இருந்தாரு. "பாருங்க, எந்த லாட்டையும் இந்த நாலு எடத்துல எங்க வேணாலும் நிறுத்தலாம். டிக் விழுந்துட்டா ஒண்ணும் கெடாது. விட்ட எடத்துல இருந்து எப்ப வேணாலும் தொடரலாம்."

பக்கத்துலதான் பாண்டியம்மாக்கா கூடுதல் லாட்டுக்குச் சீட்டுக் கட்டிக்கிட்டு இருந்தாக. கடைசிச் சீட்டையும் கட்டுனாக. டேப்பத் தட்டுனாக, டிக் விழுந்துச்சு. லாட்ட அப்படியே மூடிப் போட்டு வச்சுட்டு, ஒப்படைப்பத் தட்டி முடிச்சுட்டு, எந்திரிச்சுப் போயி கையக் கழுவி, பைய எடுத்து மாட்டிக்கிட்டாக. மத்தப் பத்துப் பேரும் மாட்டிக்கிட்டாக. கேட்டுல பதினோரு பேரும் பச்சை. மணி அஞ்சு இருபத்தஞ்சு. "என்ன பாண்டியம்மா, லாட்டு தொட்டியில எறங்கலையே?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு, வந்தவரு முன்னாடி குரல ஒசத்தாம. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கூடுதல் லாட்டு சீட்டுக் கட்டுறதோட நிக்குது, தொட்டியில எறக்குறது சாயங்கால ஷிப்ட்டு ஆம்பளையாளுக வேலை. அண்ணாச்சி அத மாத்தவும் இல்ல, அதப் பத்திப் பேசவும் இல்ல. ஏன்னா பாண்டியம்மாக்கா முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டே அன்னிக்குச் சொன்ன பதில் இது: "நிறுத்துற எடத்துலதான் நிறுத்திருக்கோம் மொதலாளி. எடை ஆச்சு, சீட்டு ஆச்சு, டிக்கும் விழுந்துருச்சு. இங்கன விட்டா ஒண்ணும் கெடாது, எப்ப வேணாலும் தொடரலாம்னு இப்பத்தான இவுககிட்டச் சொன்னீக? பஸ்ஸ அப்படி நிறுத்த முடியாது, நாங்க வாரோம்."

ஆக, இந்தத் தொழில்ல என்கூட மாட்டிக்கிட்டவங்களே, அளந்து, குறைச்சு, அரை மணி நேரத்த மிச்சம் பிடிச்சுக் குடுத்தது நான். அத வீட்டுக்குக் கொண்டு போகத் தெரிஞ்சது பாண்டியம்மாக்காவுக்கு.